ஹைரம் பெல்டன் அன்று சபையில் இல்லை

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. அந்தக் கறுப்புக் கோட்டை மட்டும் அந்தப் பக்கமா வச்சுக்கோங்க, என் மேல பட வேண்டாம். கோவிச்சுக்கிடாதீங்க. வக்கீலா? இந்த பஸ்ல மதுரைக் கோர்ட்டுக்குப் போறீங்களா? நல்லது. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, உங்களை இப்பதான் பாக்கேன். ஆனா வக்கீல்னாலே எனக்கு ஒருத்தன் மூஞ்சிதான் ஞாபகம் வரும். வந்ததும் பத்திக்கிட்டு எரியும். அவன் பேரு ஹைரம் பெல்டன்.

கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. மதுரையில பிராக்டிஸ் பண்ணுதவன் இல்லை. அமெரிக்காக்காரன். ஓஹியோன்னு ஒரு மாநிலம், அங்க வக்கீல், அப்புறம் அரசியல்வாதி. செத்து நூத்தி இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு. சிரிக்கீங்க பாத்தீங்களா. எல்லாரும் சிரிக்கத்தான் செய்வாங்க. எங்க வீட்டுக்காரியும் சிரிப்பா. "செத்துப்போன வெள்ளைக்காரன் மேல இம்புட்டுக் கோவம் எதுக்கு? சிலிண்டர் தீந்துட்டு, பதியச் சொன்னனே, பதிஞ்சீங்களா?"ம்பா. அவளுக்கு என்ன தெரியும்? பதினாலு வருஷம் அவன்கூட குடும்பம் நடத்துனவன் நான்.

என் பேரு தீத்தாரப்பன். ஒரு காலேஜுல வரலாற்றுத் துறைத் தலைவர். எந்தக் காலேஜுன்னு கேக்காதீங்க, நான் மதுரைக்குப் போற சோலி அப்படி. பெல்டனைப் பத்தித்தான் பிஎச்.டி. பண்ணேன். மத்தவன்லாம் நாயக்கர் காலம், பாளையக்காரர்னு உள்ளூருலயே சுத்திச் சுத்தி வருவான். எங்க கைடு அமெரிக்கா போயிட்டு வரும்போது பெல்டனோட கடிதம், அந்தக் காலத்துப் பேப்பர் எல்லாம் படம்பிடிச்ச மைக்ரோபிலிம் சுருள் ஒரு பெட்டி கொண்டுவந்தாரு. யாரும் தொடலை. "நீர் எடுத்துக்கிடும் தீத்தாரப்பன்"னாரு. எடுத்தேன். ஊருல உள்ளவன்லாம் என்னைய பெல்டன் சார்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டான். அந்தக் கடுப்பு வேற.

அவன் கதையைக் கேளுங்க முதல்ல. கேட்டாத்தான் என் கோவத்துல நியாயம் இருக்கது புரியும்.

வெர்மான்ட்னு ஒரு மலைக்காடு, அங்க பொறந்தவன். வயல்ல கல்லுதான் விளையும். ஒவ்வொரு வருஷமும் பனி உருகுனதும் மண்ணுக்குள்ள இருந்து புதுசு புதுசா கல்லு மேல வந்து நிக்கும். பொறுக்கி வேலிச்சுவரா அடுக்கணும், அடுத்த வருஷம் மறுபடி பொறுக்கணும். இவன் கொஞ்ச காலம் பொறுக்கிப் பாத்தான், இது ஆவுறதில்லைன்னு நடந்தே கிளம்பி ஓஹியோவுக்கு வந்துட்டான். இப்ப மாதிரி சட்டக் கல்லூரி, நுழைவுத் தேர்வு அதெல்லாம் அந்தப் பக்கம் கிடையாது. ஒரு பெரிய வக்கீல் ஆபீஸ்ல போய் ஒட்டிக்கிடணும். அவருக்குக் கணப்பு மூட்டணும், பத்திரத்தைப் பாத்து நகல் எழுதணும், மிச்ச நேரத்துல அவரு புஸ்தகத்தைப் படிச்சுக்கிடணும். ரெண்டு மூணு வருஷம் கழிச்சு நாலு வக்கீல் சேந்து கேள்வி கேப்பாங்க. சரியாச் சொன்னா நீயும் வக்கீல். அசா ப்ரூயிட்னு ஒரு கிழவர்கிட்டதான் இவன் சேர்ந்தான். சேர்ந்து தொழிலையும் படிச்சான், அவரு பொண்ணையும் கட்டிக்கிட்டான். விவரமானவன், அதுல சந்தேகமே இல்லை.

அப்புறம் ஊர் ஊரா வழக்கு. நீதிபதி குதிரையில முன்னால போவாரு, வக்கீலுங்க அவரு பின்னாலயே சேத்துலயும் மழையிலயும் போவாங்க. ஒரு ஊருல ஒரு வாரம், அடுத்த ஊருல ஒரு வாரம். பகல் பூரா கோர்ட்டுல எதிரும் புதிருமா நின்னு கத்துவாங்க. இருட்டுனா சத்திரத்துல இடம் பத்தாது, அதே ரெண்டு எதிர்க்கட்சி வக்கீலும் ஒரே கட்டில்ல ஒரே கம்பளியைப் போத்திக்கிட்டுப் படுக்கணும். பெல்டன் குறட்டை விடுவான்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. அந்த வயசுப் பெல்டனை எனக்குப் பிடிக்கும் தம்பி, மறைக்கலை. ஏழைபாழை வழக்குன்னா குதிரையைத் திருப்பிக்கிட்டு வருவான். அவன் படத்தை என் மேஜை மேல வச்சிருந்தேன்.

இப்பத்தான் ஜோனஸ் வாரான். ஜோனஸ் யாருன்னா, பெல்டன் இருந்த ஊருல சவரக்கடை வச்சிருந்தவன். கறுப்பு ஆளு. அந்த ஊருக்குத் தெக்க ஒரு பெரிய ஆறு. ஆத்துக்கு அந்தப் பக்கம் கென்டக்கி, அங்க அடிமை உண்டு. இந்தப் பக்கம் கிடையாது. ஜோனஸ் அந்தப் பக்கம் அடிமையா இருந்தவன், தப்பிச்சு ஆத்தைத் தாண்டி வந்து, கடை போட்டு, கல்யாணம் பண்ணி, பிள்ளைகுட்டியோட இருந்தான். ஊருக்கே தெரியும். பெல்டன் தினமும் காலையில அவன்கிட்டதான் சவரம் பண்ணுவான். கழுத்துல கத்தி வைக்கத ஆளு, அம்புட்டு நம்பிக்கை. ஒருநாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது பெல்டன் மூஞ்சி பூரா சோப்பு நுரையோட சொல்லுதான்: "ஜோனஸ், நான் உசிரோட இருக்க வரைக்கும் உன்னை ஒருத்தன் தொட முடியாது."

சொன்னான்! வாயால சொன்னான்!

அதுக்கப்புறம் மாநில சட்டசபைக்குப் போனான். அப்புறம் வாஷிங்டன்ல காங்கிரஸ், நம்ம பார்லிமென்ட் மாதிரி. அங்க ஒரு சட்டம் வந்துச்சு. தப்பிச்சு ஓடிவந்த அடிமையை எந்த ஊருல பாத்தாலும் பிடிக்கலாம், திருப்பி அனுப்பணும். பிடிபட்டவன் வாயைத் திறக்கப்படாது, அவன் சாட்சி செல்லாது. ஜூரி கிடையாது. ஒளிச்சு வச்சவனுக்கு ஜெயிலு. ஓட்டெடுப்புன்னு தேதி குறிச்சாச்சு. ஆதரிச்சா சொந்த ஊருல செருப்படி. எதுத்தா கட்சியில அடுத்த தடவை இடம் கிடையாது. நம்ம ஆளு என்ன பண்ணான் தெரியுமா?

வரலை.

அம்புட்டுதான். பேரைக் கூப்பிடும்போது பெல்டன் அங்க இல்லை. வயித்துவலின்னு சொன்னானாம். அன்னைக்குச் சாயங்காலம் ஒரு விருந்து நடந்திருக்கு, பேப்பர்ல வந்திருக்கு, யார் யார் வந்தாங்கன்னு. திருவாளர் பெல்டன் பேரு இருக்கு. கடல்சிப்பியும் மதுவும் பரிமாறுனாங்களாம். பகல்ல வயித்துவலி, சாயங்காலம் சிப்பி! அதைப் படிச்ச அன்னைக்கு லைப்ரரியில மேஜையைத் தட்டிட்டேன் தம்பி. பக்கத்துல போட்டிப் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருந்த பையன் எந்திரிச்சுப் போயிட்டான்.

ஆதரிச்சு ஓட்டுப் போட்டவன் மேலகூட எனக்கு இம்புட்டுக் கோவம் இல்லை. அவன் வெளிப்படையான அயோக்கியன், இன்னாருன்னு தெரியும். எதுத்தவன் மனுஷன். இவன் யாரு? நைசா நழுவுனவன். இதுல ஒரு அமெரிக்கப் பேராசிரியர் பெல்டனுக்கு வக்காலத்து வாங்கி எழுதுதாரு. அன்னைக்கு இவன் மாதிரி நிறைய பேரு வரலையாம், இவன் ஒரு ஓட்டால சட்டம் வராம நின்னுருக்காதாம். அடப்பாவி, கணக்குப் பாத்தா ஒரு மனுஷன் நியாயத்துக்கு நிப்பான்? ஒரு ஓட்டுன்னாலும் ஓட்டுதானே? நின்னு சொல்லிட்டுத் தோத்திருந்தா என்னவாம்?

சட்டம் பாஸாகி அடுத்த வருஷமே ஆத்தைத் தாண்டி அடிமை பிடிக்கத ஆளு வந்தான். ஜோனஸை, சவரம் பண்ணிக்கிட்டிருந்தவனை, கையில கத்தியோட பிடிச்சான். விசாரணை நடந்துச்சு. ஜோனஸ்தான் பேசக்கூடாதே, இவன் பேசுனான். நம்ம பெல்டன், வக்கீலா நின்னு பேசுனான், ரெண்டு மணி நேரம். மனுஷனை மனுஷன் விக்கலாமான்னு ஆரம்பிச்சு, கூட்டமே அழுதுருச்சாம். என்ன பேசி என்ன? சட்டம் சட்டமா அங்க நிக்குதே! அது வரும்போது நீ எங்கடா போனே? ஜோனஸை விலங்கு போட்டுக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

கேளுங்க, இதுதான் முக்கியம். அந்தப் பேச்சை அச்சடிச்சு ஊர் ஊரா வித்தாங்க. அந்தப் பேச்சாலதான் பெல்டன் பெரிய ஆளு. புதுக் கட்சி வந்துச்சு, தாவுனான், செனட்டுக்குப் போனான், பிறகு நீதிபதி, செத்தப்புறம் கோர்ட்டு வாசல்ல சிலை. வெண்கலத்துல. ஜோனஸ் என்ன ஆனான்? எங்க விழுந்தான்? ஒரு பய எழுதி வைக்கலை. பதினாலு வருஷம் தேடிட்டேன். பொண்டாட்டி பிள்ளைங்க என்ன ஆனாங்க? தெரியாது. இவனுக்கு மட்டும் சிலை. அது புரிஞ்ச அன்னைக்குத்தான் அவன் படத்தை மேஜையில இருந்து எடுத்துப் பரண்ல போட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துட்டா? பால்கோவா வேணுமா உங்களுக்கு? எனக்கு வேண்டாம், இப்ப ஒண்ணும் இறங்காது. மதியம் ஒரு ஆபீஸுக்குப் போகணும், மதுரையில, கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் ஆபீஸு. ஜே.டி. ஆபீஸுன்னு சொல்லுவோம். சாட்சி சொல்லணும்.

நீங்க வக்கீல்தானே, இதையும் கேளுங்க. எவன் பக்கம் நியாயம்னு நீங்களே சொல்லுங்க.

எங்க காலேஜுல கோமதிநாயகம்னு ஒருத்தர், வேதியியல். ரெண்டு பேரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேந்தோம். இருவத்தஞ்சு வருஷமா காலையில பத்தரை மணிக்கு காலேஜ் வாசல் டீக்கடையில டீ அவரோடதான். "என்னவே, பெல்டன் சௌக்கியமா?"ன்னு கேப்பாரு. கிண்டல்தான், ஆனா ஒவ்வொரு அத்தியாயமும் அவருக்குத்தான் முதல்ல படிச்சுக் காட்டுவேன். வேதியியல்காரருக்கு என்ன புரியும், ஆனா கேப்பாரு.

போன ஏப்ரல் பரீட்சையில எனக்கும் அவருக்கும் ஒரே ஹால்ல கண்காணிப்பு டூட்டி. எங்க காலேஜ் செயலரோட தங்கச்சி மகன் அந்த ஹால்ல உக்காந்து பிட் அடிக்கான். கோமதி கண்ணுல இருந்து எதுவும் தப்பாதே! போயி பேப்பரைப் பிடுங்கிட்டாரு. "போடா வெளியே"ன்னாரு. அந்தப் பையன் திமிருக்கு பேப்பரைத் திருப்பிப் பிடுங்கப் போயி, பெஞ்சுக்கால்ல தடுக்கி விழுந்து உதடு கிழிஞ்சு ரத்தம். மறுநாள் புகார் என்னன்னா, கோமதிநாயகம் சார் அடிச்சாரு, கன்னத்துல குத்துனாரு. அன்னைக்கே சஸ்பெண்டு.

நான் பாத்தேன் தம்பி. கதவுப்பக்கம் நின்னேன், என் ரெண்டு கண்ணால பாத்தேன். கோமதி விரல்கூட அந்தப் பையன் மேல படலை. ஹால்ல இருந்த பிள்ளைங்க பயந்து போயி குனிஞ்ச தலை நிமிரலை. அவங்க மார்க்கு செயலர் கையில. பெரியவங்கன்னா ஹால்ல நானும் கோமதியும்தான். ஆக, சாட்சின்னா நான் ஒருத்தன்தான்.

ஜூலையில காலேஜ்லயே விசாரணைன்னு வச்சாங்க. ரிட்டையர் ஆன ஒரு அதிகாரியைக் கூட்டிவந்து உக்கார வச்சாங்க. எனக்கும் ஓலை வந்துச்சு, இன்ன தேதி வரணும்னு. போகத்தான் இருந்தேன். வெள்ளைச் சட்டை அயர்ன் பண்ணி வச்சாச்சு. அதுக்கு முந்துன வாரம் செயலர் கூப்பிட்டுவிட்டாரு. ரொம்ப மரியாதை தெரிஞ்ச மனுஷன். நாற்காலியைக் காட்டி உக்காரச் சொல்லிட்டு, "சார், கன்னியாகுமரியில அமெரிக்க வரலாறுன்னு ஒரு தேசியக் கருத்தரங்கு போட்டிருக்காங்க. நம்ம காலேஜ் சார்பா நீங்கதான் உங்க ஹைரம் பெல்டனைப் பத்திப் பேசணும். ஓ.டி. போடச் சொல்லிட்டேன்"னாரு.

ஓ.டி.ன்னா லீவு கணக்குல வராது, காலேஜ் வேலையாப் போறதுன்னு அர்த்தம். அதை விடுங்க. இருவத்தஞ்சு வருஷத்துல அந்த நிர்வாகத்துல ஒருத்தன் என் பெல்டன் பேரைச் சொன்னது அன்னைக்குத்தான். ஹைரம்னு முழுப் பேரும் சொல்லுதாரு. எனக்குக் கண்ணு கலங்கிட்டு.

கருத்தரங்கும் விசாரணையும் ஒரே நாள். அது என் தப்பா? தேதி வச்சது நானா? சொல்லுங்க. ஓ.டி.ங்கது உத்தரவு, மீற முடியாது. ரெண்டு நாள் கழிச்சு வந்து சொல்லுதேன்னு ஒரு வார்த்தை அந்த அதிகாரிக்கு... எழுதணும்னுதான் நினைச்சேன். பேச்சைத் தயார் பண்ணுத அவசரத்துல விட்டுப்போச்சு. செயலர் ஒரு வார்த்தை என்கிட்ட அதைப் பத்திப் பேசலை, சத்தியமா. மிரட்டலை, கெஞ்சலை. எங்க காலேஜ் முதல்வர் வார மே மாசம் ரிட்டையர் ஆகுதாரு, சீனியாரிட்டிப்படி அடுத்தது நான். அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, சொல்லிட்டேன்.

கன்னியாகுமரியில பேசுனேன் தம்பி. அப்படி ஒரு பேச்சு என் வாழ்க்கையில பேசுனது கிடையாது. பெல்டனைக் கிழிகிழின்னு கிழிச்சேன். அந்தச் சிப்பி விருந்தைச் சொன்னதும் சபையே சிரிச்சுது. ஜோனஸைச் சொன்னதும் முன் வரிசையில ஒரு அம்மா கண்ணைத் துடைக்காங்க. கடைசியில, "வரவேண்டிய நாளில் வராதவனை வரலாறு ஒருபோதும் மன்னிக்காது"ன்னு சொல்லி முடிச்சேன். கைதட்டல்னா கைதட்டல். பொன்னாடை போத்துனாங்க, கண்ணாடிப் பேழைக்குள்ள விவேகானந்தர் பாறை ஒண்ணு நினைவுப் பரிசா குடுத்தாங்க. பேச்சைப் புஸ்தகத்துல போடப்போறாங்க.

ஊருக்குத் திரும்பி வந்தா, விசாரணை முடிஞ்சுட்டாம். சாட்சி வரலைன்னு எழுதி, குற்றம் நிரூபணம்னு முடிச்சுட்டாங்க. ஆகஸ்டுல கோமதியை வேலையை விட்டே எடுத்துட்டாங்க.

நான் என்ன, சந்தோஷமாவா இருந்தேன்? ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலை. ஆனா போயி அவரைப் பாக்கல. பாத்து என்ன சொல்லுததுன்னு ஒரு இது. பிறகு அவரே வந்தாரு, அதே டீக்கடைக்கு, அதே பத்தரை மணிக்கு. வழக்கம்போல ரெண்டு டீ சொன்னாரு.

"கருத்தரங்கு எப்படிவே இருந்துச்சு?"ன்னாரு.

கேட்டாரேன்னு சொன்னேன். கைதட்டலைப் பத்தி, அந்த அம்மா கண்ணைத் துடைச்சதைப் பத்தி எல்லாம். பொறுமையாக் கேட்டாரு. அப்புறம், "அன்னைக்கு ஹால்ல நீரு பாத்தீரா இல்லையாவே?"ன்னாரு.

"பாத்தேன்"னேன். "நீர் தொடக்கூட இல்லை. அது எனக்குத் தெரியாதா?"

"யார்கிட்ட சொன்னீரு?"

நான் ஓ.டி.யை விளக்குதேன். நிர்வாக உத்தரவு, மீறுனா ஒழுங்கு நடவடிக்கை, அப்புறம் நானும் உள்ளே இருந்தாத்தானே நாளைக்கு உமக்கு உதவ முடியும், முதல்வரா வந்தேன்னா முதல் கையெழுத்து உமக்குத்தான்னு சொல்லுதேன். அதுவும் போக, என் ஒருத்தன் சாட்சியால மட்டும் என்ன ஆகியிருக்கும், அவங்க முடிவு பண்ணிட்டுத்தானே உக்காந்தாங்கன்னும் சொன்னேன். இது உண்மைதானே தம்பி? அவரு டீயைத் தொடலை. எந்திரிச்சாரு. எந்திரிச்சு ஒண்ணு சொன்னாரு பாருங்க.

"பெல்டன் பரவாயில்லைவே. அவன் திரும்பி வந்து பேசவாவது செஞ்சான்."

பெல்டன் பரவாயில்லையாம்! அந்த அயோக்கியன் பரவாயில்லையாம்! பதினாலு வருஷம் அவன் எப்படிப்பட்டவன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, ஒவ்வொரு அத்தியாயமும், அவர்கிட்டதானே சொன்னேன். அதைக் கேட்டுக்கிட்டே டீ குடிச்ச மனுஷன், என்கிட்டயே, கடைக்காரன் பாத்துக்கிட்டிருக்கும்போது... எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். டீ சட்டையில கொட்டிட்டு. யாரை யாரோட வைக்காரு? அவன் அரசியல் பண்ணவன். பதவிக்காகப் பண்ணவன். நான் வாத்தியாரு. எனக்கு வந்தது உத்தரவு. வித்தியாசம் தெரிய வேண்டாமா? படிச்ச மனுஷன்!

சரி. கேளுங்க.

கோமதி ஜே.டி. ஆபீஸுக்கு மேல்முறையீடு பண்ணிட்டாரு. புதுசா வந்த ஜே.டி. ஒரு அம்மா, நேர்மையானவங்கன்னு பேரு. சாட்சி நேர்ல வரட்டும், நான் பாத்துக் கேக்கேன்னுட்டாங்க. அதுதான் இன்னைக்கு மதியம். இன்னைக்கு விட்டா முடிஞ்சுது, கோமதிக்கு வேலை கிடையாது, பையன் இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். அதைவிட, பிள்ளையை அடிச்ச வாத்தியாருங்கத பேரு அவருக்கு ஒட்டிக்கிடும். இருவத்தஞ்சு வருஷம் வகுப்புல பிரம்பெடுக்காத ஆளு.

போன வாரம் அவரு சம்சாரம் சிவகாமி என் வீட்டுக்கு வந்துச்சு. உள்ள வாம்மான்னா வரலை, வாசப்படியிலயே நிக்குது. "அண்ணே, நீங்க யாரையும் திட்ட வேண்டாம், யாருக்காகவும் பேச வேண்டாம். பாத்ததை மட்டும் சொல்லுங்க. அது போதும்"னு சொல்லிச்சு. காப்பி குடுத்தா எங்க வீட்டுக்காரி, குடிக்கலை. அது போனப்புறம் எங்க வீட்டுக்காரி என்னை ஒரு பார்வை பாத்தா. சிரிக்கலை. "போய்ச் சொல்லிட்டு வந்துருங்க"ன்னா, அவ்வளவுதான்.

அதான் கிளம்பி வந்துட்டேன். நானே கோமதிக்குப் போன் பண்ணி, இந்த வண்டியிலதான் வாரேன்னு சொன்னேன். பஸ் ஸ்டாண்டுல நிக்கேன்னாரு. உடனே போனை வச்சுட்டாரு. 'சரிவே'ன்னுகூடச் சொல்லலை.

என்னைய யாருன்னு நினைச்சீங்க? நான் என்ன பெல்டனா? பெல்டனை நான் நல்லா யோசிச்சுப் பாத்திருக்கேன் தம்பி, எந்தப் புஸ்தகத்துலயும் இல்லாததெல்லாம். ஓட்டெடுப்பு அன்னைக்குக் காலையில அவன் அறையில சும்மாவா படுத்திருப்பான்? எந்திரிச்சுக் குளிச்சு, நல்ல கோட்டை மாட்டி, கிளம்பியிருப்பான். கிளம்பித்தான் இருப்பான். எதுத்துப் போடணும்னுதான் கிளம்பியிருப்பான், அயோக்கியன். ஜோனஸ் முகம்கூட ஞாபகம் வந்திருக்கும். பாதி வழி வந்திருப்பான். அப்ப மனசு ஒரு கணக்குப் போடும் பாருங்க. இப்ப போயி நின்னா அவங்க என்ன நினைப்பாங்க, நாளைக்கு அவங்க முகத்துல எப்படி முழிக்கது, இம்புட்டு வருஷம் காத்துக்கிடந்து இன்னும் ஆறு மாசத்துல... ஆறு மாசம்னா, அவனுக்கு ஏதோ அடுத்த தேர்தல், எனக்குத் தெரியாது. ஒருநாள்தானே, ஒரு ஓட்டுதானே, பின்னால பெரிய ஆளா வந்து சரிபண்ணிக்கிடலாம்னு. அந்த இடத்துலதான் அவன் செத்தான் தம்பி. சிலை வச்சது அதுக்கப்புறம் நடமாடுன பொணத்துக்கு. காறித் துப்பணும்போல இருக்கு.

எந்த ஊரு இது? கல்லுப்பட்டியா? டீக்கு நிப்பாட்டுதான். பத்து நிமிஷமா? நல்லதாப் போச்சு. கொஞ்சம் வழி விடுங்க, நான் இறங்கிட்டு வந்துருதேன். காலையிலேந்தே ஒரு மாதிரியா இருக்கு.

தம்பி! இங்க, ஜன்னல் பக்கம். என் பையை அப்படியே எடுத்துக் குடுங்களேன். மேல இருக்கு பாருங்க, பச்சைக் கலரு. இல்லை, வேணும், அதுலதான் மாத்திரை இருக்கு. டீயோட போடணும். குடையும்தான். குடுங்க.

டீ சுமார்தான். நீங்க இறங்கலையா? அந்தா நிக்கது நாம வந்த வழியே திரும்பி ராஜபாளையம் போற வண்டியா, போர்டு சரியாத் தெரியலையே. ஆமா, ராஜபாளையம்தான். காலியா இருக்கு. உக்காந்தாப்ல போயிரலாம்.

என்ன பாக்கீங்க? எனக்கு முடியலை தம்பி. இந்த நிலைமையில போயி அங்க நின்னு உளறிட்டேன்னா அது கோமதிக்குத்தான் கெடுதல். இன்னொரு தேதி கேட்டு வாங்கலாம், எல்லா விசாரணையிலயும் குடுப்பாங்க, உங்களுக்குத் தெரியாததா. கடைசின்னு சொல்லியிருக்காங்கதான். சொல்லுவாங்க. நான் ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கி அனுப்பிருதேன், முறையா.

விசில் அடிச்சுட்டான். எனக்காக நிப்பாட்டச் சொல்லாதீங்க, போகட்டும்.

தம்பி, ஒரு நிமிஷம். மதுரையில இறங்கும்போது வண்டி வாசல்ல ஒருத்தரு நிப்பாரு. குட்டையா, கட்டம் போட்ட சட்டை, தலை பூரா நரை. இறங்குத ஒவ்வொருத்தர் முகத்தையும் பாத்துக்கிட்டே நிப்பாரு, கடைசி ஆள் இறங்குத வரைக்கும் நகரமாட்டாரு. உங்ககிட்ட கேட்டாலும் கேப்பாரு, இன்ன மாதிரி ஒரு சார் இந்த வண்டியில வந்தாரான்னு.

வரலைன்னு சொல்லிருங்க. வக்கீல்தானே நீங்க, உங்களுக்குச் சொல்ல வரும்.